மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு: ராஜினாமா செய்யலாமா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், திருவையாற்றில் வசிக்கும் ஓய்வு பெற்ற விமானி)

கேள்வி: என் மகன் தனியார் விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானி. பத்து மா நிலத்தை விற்று, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கிப் படிக்க வைத்தோம். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். விமானங்கள் குறைவு, விமானிகள் அதிகம் என்று சொல்லி மூன்று மாதச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். ராஜினாமா செய்துவிட்டு வெளிநாட்டில் முயல்கிறேன் என்கிறான். பேசி வைத்திருந்த சம்பந்தமும் தள்ளிப்போகிறது. என்ன செய்வது?
- ஒரு தந்தை, நீடாமங்கலம்

பதில்: ராஜினாமா வேண்டாம் ஐயா, இப்போதைக்கு.

முதலில் இந்த 'அதிகம்' எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு விமானம் ஓய்வில்லாமல் ஓட, பத்துப் பன்னிரண்டு விமானிகள் தேவை. விமானம் வந்து நின்ற பிறகு அவர்களைத் தேட முடியாது. டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி), சிமுலேட்டர் (தரையிலேயே பறக்கப் பழகும் மாதிரி விமான அறை), கேப்டன் பக்கத்தில் அமர்ந்து பயிற்சி என்று மாதக்கணக்கில் ஆகும். ஆகவே முன்னதாகவே ஆள் எடுக்கிறார்கள், ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் என்று நம்பி நீங்கள் குறுவைக்கு நாற்று விடுவதைப் போல. மேட்டூர் திறக்கவில்லை என்றால் நாற்றையா குறை சொல்வோம்? போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2019 மார்ச்சில் உலகெங்கும் நிறுத்தப்பட்டன. சீக்கிரம் பறக்கும் என்று நம்பி ஆள் எடுத்தோம், மிஞ்சிவிட்டார்கள் என்றுதான் 2022 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் சுமார் 80 விமானிகளை மூன்று மாதச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. 2025 டிசம்பரில் கதை தலைகீழ். விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்து, இரவுத் தரையிறக்கத்துக்கும் கட்டுப்பாடு வந்ததும், விமானிகள் போதாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. மூன்றே வருடத்தில் உபரியும் பஞ்சமும்! நிர்வாகங்களின் கணக்கு இவ்வளவுதான்.

இனி உங்கள் மகன் செய்ய வேண்டியது. விமானியின் தகுதிக்குத் தேதி உண்டு. கடைசி 90 நாட்களில் மூன்று முறை மேலேற்றி மூன்று முறை இறக்கியிராதவர் பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது. மூன்று மாத விடுப்பு சரியாக அந்தக் கெடுவில் போய் முட்டுகிறது. சிமுலேட்டரில் அதைச் சரிசெய்யலாம்; ஆனால் செலவு யாருடையது? ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் திறன் சோதனை விடுப்புக்குள் விழுந்தால் யார் ஏற்பாடு செய்வார்கள்? சீனியாரிட்டி எண் மாறாமல் இருக்குமா? மருத்துவக் காப்பீடும் உரிம இழப்புக் காப்பீடும் (உடல்நலக் குறைவால் உரிமம் போனால் பணம் தருவது) தொடருமா? எந்தத் தேதியில் திரும்ப அழைப்பார்கள்? எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கச் சொல்லுங்கள். மனிதவளத் துறையினர் தொலைபேசியில் மிக இனிமையாகப் பேசுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ராஜினாமா செய்தாலும் மறுநாளே கிளம்ப முடியாது. 2017-இல் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) வகுத்த விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாத நோட்டீஸ், கேப்டனுக்கு ஒரு வருடம். பயிற்சி பாண்டு (இத்தனை வருடம் வேலை செய்வேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தொகையும் கழுத்தில் நிற்கும். வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பறந்த மணிகளைக் கேட்கும். இரண்டாம் வருடத்துத் துணை விமானியிடம் அது அதிகம் இருக்காது. விண்ணப்பிக்கட்டும், தவறில்லை. கையில் வேலைக் கடிதம் வரும்வரை இந்த வேலையை விட வேண்டாம். வங்கிக்கு இந்த வாரமே போய்த் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். ஒரு தவணை தவறிய பிறகு போனால் மேலாளரின் முகமே வேறு.

எனக்கும் ஒரு முறை இப்படிக் கடிதம் வந்தது. திண்ணையில் நாற்காலி போட்டு, இல்லாத சுவிட்சுகளைத் தொட்டுத் தொட்டுச் செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்வேன். ஏதோ ஜபம் என்று என் மாமியார் காலையில் பேச்சுக் கொடுக்கவே மாட்டார். உங்கள் மகனும் அதைச் செய்யட்டும். கை மறக்கக் கூடாது.

சம்பந்தம்? மூன்று மாதம் பொறுக்காத வீடு, ரோஸ்டர் (பணி நேரப் பட்டியல்) பார்த்துத் தீபாவளி கொண்டாடும் மாப்பிள்ளையை எப்படிப் பொறுக்கும்?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு விமானி ஆக ஆசை. இந்த நிலவரத்தில் சேர்க்கலாமா?
- ஒரு தாய், குத்தாலம்

பதில்: சேர்க்கலாம். ஆனால் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன் மருத்துவத் தகுதிச் சான்று வாங்குங்கள். 200 மணி பறந்து உரிமம் வாங்கிய பிறகும் வேலைக்காகக் காத்திருக்க நேரலாம். அந்தக் காலத்துத் தவணையை அவள் சம்பளம் இல்லாமல் கட்ட முடியுமா என்று இன்றே கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் முதலில் ஒரு பட்டம் படிக்கட்டும்.