பழைய பைன் மேசையை மெஷின் வைத்துத் தேய்க்கலாமா?

தம்பி, தேவகோட்டையிலிருந்து இங்கிலாந்து வந்து வீடு எடுத்த கையோடு, ஏலத்தில் பழைய பைன் சாப்பாட்டு மேசை வாங்கியிருக்கிறீர்கள். நல்ல காரியம். பலகை முழுக்கக் கீறலும் வெள்ளை வட்டமுமாக இருக்கிறது, மெஷின் வாடகைக்கு எடுத்துத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

நம் பக்கத்துச் செட்டிநாட்டு வளவு வீடுகளில் பார்த்துப் பழகியது பர்மா தேக்கு. ஆசாரி சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மறுபடி பாலிஷ் ஏற்றினாலும் அது தாங்கும். பைன் மெத்து மரம். அறுத்த புதிதில் வெளுத்துக் கிடக்கும்; வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டுத்தான் அந்தத் தேன் நிறம் ஏறுகிறது, அதுவும் மேலாக மட்டும். மெஷின் ஒரு தடவை ஓடினால் போச்சு. சாயம் பூசிச் சரிக்கட்டவும் முடியாது. பைன் சாயத்தைச் சீராகக் குடிக்காது, திட்டுத் திட்டாக நிற்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் கை பட்டு வழவழத்த விளிம்பைத்தானே தடவிப் பார்க்கிறார்கள்? உங்கள் மேசையின் அடியிலும் கையை விட்டுப் பாருங்கள். கையால் இழைத்த பலகையென்றால் இழைப்புளி ஓடிய பள்ளமும் மேடும் விரலில் தட்டுப்படும். அதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

முதலில் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, அழுக்கை மட்டும் எடுங்கள். அப்புறம், கண்ணில் படாத இடத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு வையுங்கள். இங்கே ஊதா நிறத்தில் கிடைக்கும். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். வெள்ளை வட்டம் பெரும்பாலும் பூச்சில் ஏறிய ஈரம்தான். 0000 நம்பர் ஸ்டீல் வுல்லில் (மிக மெல்லிய இரும்பு நார்) மெழுகு தொட்டு, மர ரேகை போகிற போக்கிலேயே மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் மங்கிவிடும். இரும்பு பட்டுக் கறுத்த கறையை நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.

காலில் பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் கலந்திருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் உப்புத்தாள் போடாதீர்கள், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி உரித்துத் தருகிறவர்களிடமும் கொடுக்க வேண்டாம்; மூட்டில் பிடித்திருக்கும் வச்சிரப் பசை இளகி, கால் ஆட்டம் கண்டுவிடும்.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது பலகைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். மக்கு வைத்து அடைக்காதீர்கள், ஈரக்காற்று வந்ததும் மரம் உப்பும். ரேடியேட்டரை விட்டுத் தள்ளிப் போட்டாலே போதும்.

கடைசியாகத் தேன்மெழுகை மெல்லிசாக இரண்டு முறை பூசி, துணியால் தேய்த்துப் பளபளப்பேற்றுங்கள். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்)தான் வேண்டுமென்றால், துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.