ஆண்டு எண் வந்தால் கால வரிசையா?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். டியூஷனில் வைத்த தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து, அது எந்த முறையில் அமைந்துள்ளது என்று கேட்டிருந்தார்கள். பத்தி இதுதான்:

"காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவும் அதிகம். வெள்ள நீரில் பெரும்பகுதி அதன் வழியே கடலுக்குப் போனது. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டும் வேலையைத் தொடங்கினார். காவிரிக்குள் நீர் அளவுக்கு மீறி இறங்கியது. பின்னர் காவிரியின் தலைப்பிலும் ஓர் அணை கட்ட வேண்டியதாயிற்று."

மகள் 'காரணமும் விளைவும்' என்று எழுதினாள். விடைக்குறிப்பில் 'கால வரிசை' என்று இருந்ததால் மதிப்பெண் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வகைக்கும் உரிய அடையாளச் சொற்களை அட்டவணையாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு மனத்தில் நிற்கவில்லை; கொஞ்சம் மந்தம்தான். அட்டவணையை எளிதாக நினைவில் வைக்க வழி உண்டா? கைபேசியில் காணொளி பார்ப்பதால்தான் வாசிப்பு கெட்டுவிட்டதா? நல்ல புத்தகம் ஏதேனும் சொல்வீர்களா?

ந., குளித்தலை

அன்புள்ள ந.,

உங்கள் மகளை மந்தம் என்று இன்னொரு முறை எழுதினால் உங்களுக்குப் பதில் எழுத மாட்டேன். அந்தப் பத்தியை ஒழுங்காகப் படித்தவள் அவள்தான். விடைக்குறிப்பு எழுதியவர் '1836' என்ற எண்ணையும் 'பின்னர்' என்ற சொல்லையும் கண்ட மாத்திரத்தில் படிப்பதை நிறுத்திவிட்டார். கைபேசியைப் பற்றி ஊரே புலம்பிக்கொண்டிருக்கிறது. அதில் நானும் சேர வேண்டியதில்லை. புத்தகத்துக்கும் அவசரமில்லை, வீட்டில் கிடக்கும் பாடப்புத்தகமே போதும். தகவல் சொல்லும் உரைநடையில் ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தை எப்படித் தாங்குகிறது என்பதைப் பற்றி ஒரு கட்டுரையை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

எங்கள் பள்ளித் தமிழாசிரியர் பாடம் நடத்தும்போது பெஞ்சு பெஞ்சாக வருவார். சாக்பீஸ் தூள் படிந்த கட்டைவிரலால் நம் புத்தகத்தில் ஒரு வரியை மறைத்துவிட்டு, "இது இல்லாட்டி எது தொங்கும்?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாதவனுக்கு அந்த விரலாலேயே நெற்றியில் ஒரு வெள்ளைக் குறி விழும். பத்தியின் அமைப்பைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழியை நான் இதுவரை பார்க்கவில்லை.

உங்கள் பத்தியில் அதைச் செய்து பாருங்கள். '1836இல்' என்பதை விரலால் மறையுங்கள்; ஒரு தகவல் குறைகிறதே தவிர, பத்தி அப்படியே நிற்கிறது. இப்போது 'கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. சரிவும் அதிகம்' என்பதை மறையுங்கள். காவிரிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கொள்ளிடத்தில் ஏன் அணை கட்டினார்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு உங்களிடம் பதில் இருக்காது. பள்ளமான கிளை தண்ணீரை இழுத்துக்கொண்டது, எனவே மற்றக் கிளை தூர்ந்தது, எனவே இழுக்கும் கிளையைத் தடுத்தார்கள், தடுத்ததால் தண்ணீர் இந்தப் பக்கம் மிகுந்தது, எனவே இந்தப் பக்கமும் தடுக்க வேண்டியதாயிற்று. ஒன்றின் தோளில் ஒன்றாக நிற்கும் இந்த வாக்கியங்களைக் கால வரிசை என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

உண்மையான கால வரிசை எப்படி இருக்கும் என்று கேட்டால், அதையும் அதே ஆற்றிலிருந்தே காட்டலாம். 1836இல் மேலணை வேலை தொடங்கியது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் 9 உடைந்தன. இவற்றை எப்படி மாற்றி அடுக்கினாலும், ஆண்டு கூடவே இருப்பதால், பொருள் கெடாது. இவற்றைக் கட்டிப்போட்டிருப்பது நாட்காட்டி மட்டுமே. உங்கள் பத்தியின் வாக்கியங்களை அப்படிக் கலைத்துப் பாருங்கள், மறுபடி அடுக்கத் தண்ணீர் ஓடும் விதம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆற்றங்கரைப் பிள்ளை அல்லவா!

அந்த அட்டவணையில் காரணத்துக்கு அடையாளம் 'ஏனெனில்', 'ஆகவே', 'இதன் விளைவாக' என்று போட்டிருப்பார்கள். அந்தப் பத்தியில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா? தமிழில் நாம் காரணத்தைப் பெரும்பாலும் 'ஆல்' என்ற உருபுக்குள் வைத்துவிடுகிறோம். அல்லது இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். 'மழை பெய்தது, ஏரி நிறைந்தது' என்றால் போதும், நடுவே 'ஆகவே' என்று எவரும் பறையறைவதில்லை. அடையாளச் சொல்லை மட்டும் தேடப் பழகிய பிள்ளை, அது இல்லாத பத்தியில் திகைத்து நிற்கும். தவறான இடத்தில் அது இருந்தாலோ நேராகப் போய் விழும்.

இதையெல்லாம் யோசிக்கக் கருவி நம்மிடம் இல்லாமலும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே, சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் நிலைகளை நான்காகச் சொல்லிவிட்டார்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. அவர் சூத்திரங்களுக்குச் சொன்னதை நான் வாக்கியங்களுக்கு இழுக்கிறேன். இலக்கணப் புலவர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும். 'காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது' என்பது சிங்கம்போல் முன்னும் பின்னும் பார்க்கிறது: கொள்ளிடம் நீரை இழுத்ததன் விளைவும் அதுதான், அணை கட்டியதன் காரணமும் அதுதான். படுகை தாழ்ந்தது என்ற வாக்கியம் இரண்டு வாக்கியங்களைத் தாண்டி மேலணையில் போய்க் குதிக்கிறது, அது தவளை. அணைக்குப் பிறகு வருபவை ஆற்றொழுக்காகப் போகின்றன. எங்கிருந்தோ இறங்கி, வேண்டியதைக் கொத்திக்கொண்டு போய்விடும் பருந்து இந்தப் பத்தியில் இல்லை.

அதே பாயிரம் நூலுக்குரிய 32 உத்திகளில் தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல், ஏதுவின் முடித்தல் (காரணம் காட்டி முடிப்பது), ஒப்பின் முடித்தல் (ஒப்புமை காட்டி முடிப்பது) ஆகியவற்றையும் வைக்கிறது. உங்கள் டியூஷன் அட்டவணையின் வகைகளில் பலவும் இவற்றுக்குள் அடங்கிவிடும். நூலுக்குரிய 10 குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' என்று ஒன்றும் உண்டு. அட்டவணையை நினைவில் வைக்க வழி கேட்டவரிடம் நன்னூலை விரித்துக்கொண்டிருக்கும் நான் அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

அட்டவணையைக் கிழித்துப் போட வேண்டாம், தேர்வில் அந்தப் பெயர்களைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் முதலில் மகள் பத்தியை முழுதாகப் படிக்கட்டும், விரலால் வரிகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்க்கட்டும், அதன் பிறகு பெயருக்காக மட்டும் அட்டவணையைத் திறக்கட்டும். விடைத்தாளை எடுத்துக்கொண்டு நீங்கள் டியூஷன் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டை போடாமல், படுகை தாழ்ந்தது என்ற வரியை மறைத்துவிட்டு, காட்டன் ஏன் அங்கே அணை கட்டினார் என்று மட்டும் கேளுங்கள்.