செனட் ஹவுஸ் ஏன் மசூதி மாதிரி இருக்கிறது?

வணக்கம் ஐயா,

போன வாரம் மெரினாவில் நடந்துகொண்டிருந்தபோது மகளுக்கு செனட் ஹவுஸைக் காட்டி, “இதுதான் மெட்ராஸ் யூனிவர்சிட்டி, 1857-ல கட்டினது” என்றேன். “அப்புறம் ஏன் மசூதி மாதிரி இருக்கு?” என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு திருத்தம். 1857 பல்கலைக்கழகம் பிறந்த வருடம். கட்டடத்துக்கு வேலை தொடங்கியது 1874-ல், முடிந்தது 1879-ல்.

மகள் கேட்டதற்குப் பதில் வாலாஜா சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கிறது. அங்கே மரங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பின்னால் ஒளிந்து நிற்பது ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் சேப்பாக்கம் அரண்மனை. 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டத்தையே ஒழித்தது. அரண்மனை சர்க்கார் கைக்குப் போனது. அதையொட்டி வருவாய் வாரியத்துக்குக் கட்டடம் எழுப்பும் வேலை ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞருக்கு வந்தது. செனட் ஹவுஸும் அவர் கட்டியதுதான். பக்கத்து வீட்டைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிஷோம் ஆரம்பத்திலிருந்தே அப்படி இல்லை. கொஞ்சம் தெற்கே நடந்தால் மாநிலக் கல்லூரி. அதுவும் அவருடையதே, 1870 வாக்கில் முடிந்தது, இத்தாலியச் சாயல். (உச்சியில் இருக்கும் கடிகாரக் குவிமாடம் 1940-ல் வைத்தது, அதைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.) இடையில், உள்ளூர்க் கட்டடக் கலையில் பெரிய ஈடுபாடு கொண்ட கவர்னர் நேப்பியர் மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட வைத்தார். அந்த வேலையும் சிஷோமிடம்தான் வந்தது. நாயக்கர் மகாலின் வளைவுகளுக்கு அடியில் நின்று வேலை பார்த்தவன் கை மாறாமல் இருக்குமா?

‘இந்தோ சாரசனிக்’ (இந்திய, இஸ்லாமியச் சாயலோடு ஆங்கிலேயர் கட்டிய பாணி) என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் இதெல்லாம் மறைந்துபோகிறது. நவாபின் வீட்டை எடுத்துக்கொண்டவர்கள் அவர் வீட்டுச் சாயலிலேயே தங்கள் மண்டபத்தைக் கட்டிக்கொண்டதை ரசனை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கட்டடம் அழகு. அதையும் மறுக்க முடியாது.

1937-ல் ராஜாஜி முதல்வரானபோது சட்டசபை கூடியதும் இந்த மண்டபத்தில்தான். 2006 வாக்கில் புதுப்பித்தார்கள். அடுத்த முறை வரும்போது அனுமதி கிடைத்தால் மகளை உள்ளே கூட்டிப்போங்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்காக வெயில் நேரத்தில் போவது நல்லது. வெளியே வந்ததும் கல்தூண்களின் தலைப்பகுதியை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே செதுக்கியிருப்பதற்கும் மசூதிக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த கேள்வி அங்கிருந்து வரும்.