ரூம் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டலாமா?

ஊட்டியில் வாடகை வீடு, அறையில் 6 ஆம்ப் சாக்கெட் மட்டும்தான், 2000 வாட் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்ப் இழுக்கும். சாதாரண பாக்ஸின் மெல்லிய ஒயர் அதைத் தாங்காது. முதலில் பிளக் சுடும், சாக்கெட் ஓட்டையின் ஓரம் பழுப்பாகும், அப்புறம் உருகும். ஹீட்டரின் தடித்த பிளக் 6 ஆம்ப் சாக்கெட்டில் நுழையாததே இதற்காகத்தான். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்ட உதவும் கன்வெர்ட்டர் போட்டு அதை ஏமாற்றாதீர்கள். வீட்டு ஓனரிடம் கேட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து, எர்த் உள்ள 16 ஆம்ப் பாயின்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் பிளக் சுட்டால் உள்ளே இணைப்பு லூஸ் என்று அர்த்தம்.

மழைக்காலத்தில் துணி காயவில்லை என்று ஹீட்டர் மேலேயே சாக்ஸைப் போடுவார்கள். தீப்பிடிக்க அது போதும். திரை, மெத்தை, துணி எல்லாமே மூன்றடி தள்ளி இருக்கட்டும். தூங்கும் முன் அணைத்துவிடுங்கள்.

பல மாதம் கழித்து எடுக்கும்போது, பிளக்கில் மாட்டும் முன்பே காய்ந்த பிரஷ்ஷால் கம்பிவலையில் உள்ள தூசியைத் தட்டுங்கள். முதல் சில நிமிடம் தூசி கருகும் வாசனை வருவது சகஜம். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

கரண்ட் போனால் மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது.