கொடுமணல்: ஆற்றங்கரையில் இருந்ததால்தான் அவ்வளவு பெரிய ஊரானதா?

நொய்யல் கரையில் இருந்ததால்தான் சங்ககாலத்தில் கொடுமணல் தொழில் நகரமாக வளர்ந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், ஆற்றுக்குப் பாதிப் பங்குகூடக் கொடுக்க மாட்டேன். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. அதன் கரையில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. அவற்றுள் கொடுமணலுக்கு மட்டும் இவ்வளவு புகழ் வரக் காரணம் கல்லும் கணவாயும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு மாவட்டம், பெருந்துறை வட்டம். சென்னிமலைக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர், நொய்யலின் வடகரை. சுற்றிலும் மழை குறைந்த மேட்டு நிலம். ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடு. கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல். நெல் விளைந்து செழித்த ஊர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த மண்ணின் செல்வம் மேலே விளைவதில் இல்லை.

கொங்கு நாட்டின் அடித்தளம் மிகப் பழைய உருமாறிய பாறை. அதன் பிளவுகளில் பிற்காலத்தில் ஊடுருவி உறைந்த பாறைக்குழம்பு பல இடங்களில் மணிக்கற்களை விட்டுச் சென்றிருக்கிறது. படியூரில் பெரில் என்னும் பச்சைக்கல் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கூட அங்கே குழி வெட்டிக் கல் எடுத்திருக்கிறார்கள். சிவன்மலைப் பக்கம் நீலக்கல்லும் அதன் இனமான குருந்தமும் உண்டு. குருந்தப் பொடி மற்ற கற்களைத் தேய்த்து மெருகேற்றவும் உதவும். வெங்கமேட்டில் படிகக்கல், சென்னிமலையில் இரும்புத்தாது. எல்லாமே ஒரு நாள் நடைக்குள். மூலப்பொருள் இப்படி வீட்டுக் கொல்லையில் கிடப்பதுபோல் கிடக்கும்போது பட்டறைகள் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் கல் இருந்தால் மட்டும் போதாது, வாங்க ஆள் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வண்டியும் பொதிமாடும் சிரமமின்றிக் கடக்க இருக்கும் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். மேலைக் கடற்கரையின் முசிறியில் இறங்கிய வணிகர் கணவாய் வழியாக வந்து, கோவையை ஒட்டிய வெள்ளலூர், கொடுமணல் கடந்து, சேரர் தலைநகரான கரூருக்கும், அங்கிருந்து பூம்புகாருக்கும் போனார்கள். வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தது இதற்குச் சான்று. இந்தப் பாதை பிறகும் அழியவில்லை. கோவைப் பக்கத்துச் சுண்டக்காமுத்தூர் அருகே இராசகேசரிப் பெருவழி என்று சோழர் காலக் கல்வெட்டே இருக்கிறது.

ரோமானியருக்குப் பெரில் மீது பெரும் மோகம். அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

இனி அகழாய்வு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இலிருந்து சில பருவங்களும், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 2012, 2013-இலும் தோண்டின. தொல்லியல் அறிஞர்கள் எ.சுப்பராயலு, கா.ராஜன் ஆகியோர் பெயர்களை இந்த ஊரோடு சேர்த்தே சொல்ல வேண்டும். 2020-இல் மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டியது. எனக்கு அங்கே கிடைத்தவற்றில் மிகவும் பிடித்தது முழுமையான மணிகள் அல்ல, வேலை முடியாதவை. கொத்தி உருவம் மட்டும் கொடுத்த கல், தேய்த்தும் துளை போடாத கல், துளையிடும்போது உடைந்துபோனதால் எறியப்பட்ட கல். விற்பனைக்கு வந்த சரக்கென்றால் இந்தக் கழிவு இருக்காது. செய்தது இங்கேதான் என்பதை அந்த உடைசல்தான் நிரூபிக்கிறது. உள்ளூர்க் கல் மட்டுமா? செந்நிறச் சூதுபவளம் குஜராத் பக்கமிருந்தும், அடர்நீல லாபிஸ் லசுலி ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வந்திருக்கின்றன. இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த மூசைகளும் (உலோகம் உருக்கும் கலங்கள்), நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. திருப்பூருக்குப் பக்கத்தில் தக்களி கிடைத்ததில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் போன்ற பெயர்கள் கீறப்பட்டுள்ளன. வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. மாமன்னர் யாருடைய பெயரையும் விட, பானைக்குச் சொந்தக்காரனின் பெயர் தெரிவது எனக்குப் பெரிதாகப் படுகிறது. காலம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகிறது என்று கரிமப் பகுப்பாய்வை வைத்துச் சொல்கிறார்கள்.

ஊரை ஒட்டியே பெருங்கற்கால ஈமக்காடு. கல்வட்டம், அதனுள் பலகைக் கற்களால் ஆன அறை, அதில் ஒரு துளை. ஒரு கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள்; இன்னொன்றில் மணிக்கற்கள் பதித்த வெண்கலப் புலி.

பதிற்றுப்பத்து "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று சொல்லும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. அணிகலனைப் பாடும்போது வேலைப்பாட்டைக் குறிப்பிட்டுச் சொல்கிறது பாட்டு. மண்ணுக்கடியில் கிடைத்ததும் அதே வேலைப்பாடுதான்.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டி ரோம வணிகம் சரிந்தது, ஊரும் ஓய்ந்தது.

இன்றைய நொய்யலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் கடைசியில் தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலைக்கு அது போனது. கழிவு தேங்கியது என்னவோ சங்ககாலத் தொழில் நகரின் வாசலில்.

போய்ப் பார்க்க விரும்பினால் அகழாய்வுக் குழிகளை எதிர்பார்க்காதீர்கள். ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம். கல்வட்டங்களைத் தேடிப் பார்க்கலாம். பட்டா நிலமாக இருந்தால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மழைக்குப்பின் உழவுச் சாலில் மணி எதுவும் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிடைத்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். மேலே தெரிவிப்பது எப்படி என்று அவர் சொல்வார்.