ஆர்கனுக்கு மிடி சவுண்ட் மாட்யூல்: வாசகர் கேள்வி – பதில்

ஆர்கனோடு மிடி மாட்யூல் இணைப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மிடி என்பது மின்னணு இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை. சவுண்ட் மாட்யூல் என்பது அந்தச் செய்தியைக் கேட்டு ஒலி எழுப்பும், கட்டைகள் இல்லாத பெட்டி. பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் ‘மாட்யூல் பழுதா?’ என்றுதான் முடிகின்றன. அநேகமாகப் பழுது இருக்காது. ஆர்கன் எதை அனுப்புகிறது என்று முதலில் பாருங்கள். மாட்யூலைத் திறப்பதெல்லாம் அப்புறம்.

கேள்வி: இரண்டு கீபோர்டும் பெடல் வரிசையும் உள்ள எலக்ட்ரானிக் ஆர்கன் இருக்கிறது. பழைய சவுண்ட் மாட்யூல் ஒன்று கிடைத்திருக்கிறது. எதை எங்கே செருகுவது?

ஐந்து முனை மிடி கேபிள் ஒன்று, ஆடியோ கேபிள் ஒரு ஜோடி, மாட்யூலுக்கு உரிய அடாப்டர், இவ்வளவுதான் தேவை. ஆர்கனின் மிடி அவுட்டிலிருந்து மாட்யூலின் மிடி இன்னுக்கு ஒரு கேபிள். மாட்யூலின் லைன் அவுட் இடது, வலது இரண்டையும் ஆர்கனின் ஆக்ஸ் இன் சாக்கெட்டுக்கோ தனி ஸ்பீக்கருக்கோ கொடுங்கள். மிடி கேபிளில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற செய்தி மட்டுமே போகிறது. ஆடியோ கேபிளை மறந்துவிட்டு, ‘விளக்கு மின்னுகிறது, சத்தம் வரவில்லை’ என்று எழுதியவர்கள் சிலர் உண்டு.

அடாப்டரில் வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது. பழைய மாட்யூல்கள் பலவற்றில் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். மற்ற சாதனங்களோடு வரும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். மாட்யூலின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வட்டக் குறியை அடாப்டரில் உள்ள குறியோடு ஒப்பிட்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

ஆன் செய்யும்போது முதலில் மாட்யூல், அடுத்து ஆர்கன், கடைசியில் ஆம்ப்ளிஃபையர். சில ஆர்கன்கள் ஆன் ஆனதும் தங்கள் அமைப்புகளை ஒருமுறை அனுப்பும். அப்போது மாட்யூல் தூங்கிக்கொண்டிருந்தால் அந்தச் செய்தி வீண். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர்தான் முதலில். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடிக்கும்.

இனி சேனல், அதாவது ஒரே கேபிளில் செய்திகளைப் பிரித்து அனுப்பும் எண்ணிட்ட தடம். கிரேட், ஸ்வெல் என்ற இரண்டு கீபோர்டுகளும் பெடலும் மூன்று சேனல்களில் அனுப்பும். எது எந்தச் சேனல் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரிசை. கையேடு இல்லையென்றால், ஆர்கனின் எல்லா கப்ளர்களையும் (ஒரு வரிசையை இன்னொன்றோடு சேர்க்கும் சுவிட்சுகள்) அணைத்துவிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு கட்டையை அழுத்தி மாட்யூலின் திரையில் எந்தப் பட்டை எழும்புகிறது என்று பாருங்கள். கப்ளர் போட்டிருந்தால் இரண்டு பட்டைகள் எழும்பி உங்களைக் குழப்பும். மூன்று சேனல்களையும் குறித்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் மாட்யூலில் அணைத்துவிடுங்கள். சில ஆர்கன்கள் ஸ்டாப் (ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் குமிழ்) நகர்வுகளைத் தனிச் சேனலில் அனுப்பும். அந்தச் சேனல் திறந்திருந்தால் ஸ்டாப்பை இழுக்கும்போதெல்லாம் சம்பந்தமில்லாத சத்தம் கேட்கும். பத்தாம் சேனலிலும் கவனம் வேண்டும். ஜெனரல் மிடி (எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான ஒலிப் பட்டியல்) மாட்யூலில் அது தாள வாத்தியங்களுக்கானது. ஆர்கனின் ஒரு வரிசை அங்கே போய் விழுந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டிரம் ஒலிக்கும்.

பெடலுக்கு இன்னொரு வேலை பாக்கி. பெடலின் கீழ் ஸா, அதாவது முதல் சி, நோட் எண் 36 ஆகப் போகும். மாட்யூலில் சாதாரண ஒலியைத் தேர்ந்தெடுத்தால் அது 65.4 ஹெர்ட்ஸில், குழாய் ஆர்கனின் எட்டடிக் குழாயின் ஆழத்தில் வரும். பதினாறடி ஆழம் வேண்டுமானால் அந்த பார்ட்டை (மாட்யூலில் அந்தச் சேனலுக்கு உரிய ஒலிப் பகுதி) மட்டும் 12 அரைஸ்வரம் கீழே இறக்குங்கள், 32.7 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அதைச் சொல்லும் ஸ்பீக்கர் இருக்கிறதா என்பது தனிக் கவலை.

கேள்வி: எல்லாம் சரியாக இணைத்தும் ஸ்வெல் கீபோர்டில் மட்டும் மாட்யூல் ஊமை. கிரேட்டில் நன்றாகப் பேசுகிறது.

ஸ்வெல் பெடலை, அதாவது ஒலியளவைக் காலால் மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடலை, முழுவதும் திறந்து வாசித்துப் பாருங்கள். ஒலி வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. எக்ஸ்பிரஷன் பெடலை அசைக்கும்போது ஆர்கன் கன்ட்ரோல் 7 அல்லது 11 என்ற செய்தியை அனுப்புகிறது. ஆர்கனின் சொந்த ஒலி, பெடல் மூடியிருந்தாலும் மெதுவாகக் கேட்கும். குழாய் ஆர்கனின் ஸ்வெல் பெட்டியும் (குழாய்களைச் சுற்றி இருக்கும், திறந்து மூடும் பெட்டி) அப்படித்தான். மாட்யூலுக்கு அந்த நாசூக்கு தெரியாது. பூஜ்யம் வந்தால் பூஜ்யம்தான்.

7 என்பது பார்ட்டின் அடிப்படை வால்யூம், 11 வாசிக்கும்போது ஏற்றி இறக்குவதற்கு. இரண்டின் விளைவும் ஒன்றோடொன்று சேரும். ஜெனரல் மிடியின் வழிகாட்டல்படி 64 என்ற மதிப்பு ஏறக்குறைய 12 டெசிபல் குறைக்கும். இரண்டுமே 64 என்றால் 24 டெசிபல், கிட்டத்தட்ட காணாமல் போன மாதிரி. ஆர்கன் 7-ஐ அனுப்புகிறது என்றால், நீங்கள் மாட்யூலில் பொறுமையாகச் சரிசெய்து வைத்த அளவைப் பெடல் ஒவ்வொரு அசைவிலும் அழித்துவிடும். ஆர்கனின் மெனுவில் அதை 11 ஆக மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் மாட்யூலில் ‘வால்யூம் ரிசீவ்’ என்பதை அந்தப் பார்ட்டுக்கு அணைத்துவிடலாம். பெடலுக்கு மாட்யூல் அசையாது, ஆனால் ஊமையாகவும் ஆகாது. இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு இடையில் ஒரு மிடி பிராசசர் வைத்து 0–127 வீச்சை 40–127 ஆகச் சுருக்குவதே நல்ல தீர்வு.

கேள்வி: பிஸ்டனை (முன்பே அமைத்த ஸ்டாப்களை ஒரே அழுத்தில் கொண்டுவரும் பட்டன்) அழுத்தினால் வயலின் ஒலி திடீரென டிரம்பெட் ஆகிறது.

பிஸ்டன் தன் எண்ணைப் புரோகிராம் சேஞ்ச் செய்தியாக அனுப்புகிறது. மாட்யூல் அதை ‘ஒலியை மாற்று’ என்று எடுத்துக்கொள்கிறது. தேவையில்லை என்றால் மாட்யூலில் ‘புரோகிராம் சேஞ்ச் ரிசீவ்’ ஆஃப். தேவை என்றால், எண்களில் ஒன்று தள்ளிப்போவதை நினைவில் வையுங்கள். கேபிளில் 0 முதல் 127, பெரும்பாலான திரைகளில் 1 முதல் 128. ஜெனரல் மிடியில் சர்ச் ஆர்கன் பட்டியலில் 20-ஆவது. கேபிளில் போவது 19. பேங்க் (ஒலிகளின் தொகுதி) மாற்றவும் வேண்டுமென்றால் கன்ட்ரோல் 0, அடுத்து 32, அதற்குப் பிறகு புரோகிராம் என்ற வரிசையில் அனுப்ப வேண்டும். பேங்க் எண்ணை மட்டும் அனுப்பினால் ஒன்றும் மாறாது. அடுத்த புரோகிராம் செய்தி வரும்வரை மாட்யூல் காத்திருக்கும்.

கேள்வி: கையை எடுத்த பிறகும் ஒரு ஸ்வரம் விடாமல் ஒலிக்கிறது. மாட்யூலை அணைத்தால்தான் நிற்கிறது.

கட்டையை அழுத்தும்போது ஒரு செய்தி, விடும்போது ஒரு செய்தி. இரண்டாவது போய்ச் சேரவில்லை, அல்லது வேறு முகவரிக்குப் போய்விட்டது. அந்த முகவரி எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். நடு சி-யை அழுத்துகிறீர்கள். நோட் 60 ஆன் போகிறது. கட்டையைப் பிடித்தபடியே டிரான்ஸ்போசரை (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) இரண்டு படி ஏற்றுகிறீர்கள். விடும்போது சில ஆர்கன்கள் 62 ஆஃப் என்று அனுப்பும். 60-க்கு யாரும் ஆஃப் சொல்லவில்லை. அது ஒலித்துக்கொண்டே இருக்கும். கட்டை அழுந்தியிருக்கும்போது சேனலை மாற்றினாலும் இதே கதிதான். கைகளை எடுத்துவிட்டு மாற்றினால் இந்தத் தொல்லையே இல்லை.

கப்ளரும் ஒரு காரணம். கிரேட்டும் ஸ்வெல்லும் ஒரே சேனலில் அனுப்பும்படி வைத்திருந்தால், ஒரே நோட்டுக்கு இரண்டு ஆன் போகும். சில மாட்யூல்கள் முதல் ஆஃப் வந்ததும் நிறுத்திவிடும். ஸ்வரம் பாதியில் அறுபடும். வேறு சில, இரண்டு ஆஃபும் வரும்வரை விடாது. வரிசைக்கு ஒரு சேனல் கொடுத்துவிட்டால் இரண்டு கோளாறும் போய்விடும்.

மாட்யூலின் அவுட்டிலிருந்து ஆர்கனின் இன்னுக்குத் திரும்பி ஒரு கேபிள் போட்டிருக்கிறீர்களா? பலர் ‘இரண்டு பக்கமும் இருக்கட்டும்’ என்று போட்டுவைக்கிறார்கள். மாட்யூல் வந்த செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும் அமைப்பில் இருந்தால், ஆர்கன் தான் வாசித்ததையே மறுபடி பெற்று வாசிக்கும். ஒலி மெலிந்து, சுழல்வது போலக் கேட்கும், ஸ்வரங்களும் சிக்கும். அமைப்புகளைச் சேமிக்கவோ மீட்கவோ செய்யும் நேரம் தவிர அந்தக் கேபிள் வேண்டாம்.

கட்டை அழுந்தியிருக்கும்போது கேபிளைப் பிடுங்குவதும் வேண்டாம். சில ஆர்கன்கள் சும்மா இருக்கும்போதும் சுமார் 300 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு பைட் அனுப்பும். அது நின்றால் மாட்யூல் தானாக அடங்கிவிடும். அந்த வசதி இல்லாத ஆர்கனில் ஸ்வரம் அப்படியே நிற்கும். அவசரத்துக்கு ‘பேனிக்’ பட்டன், அல்லது எல்லா ஸ்வரங்களையும் விடச் சொல்லும் கன்ட்ரோல் 123. ஆனால் சஸ்டெய்ன் (ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் பெடல்) அழுந்திய நிலையில் இருந்தால் 123-க்கு ஒலி அடங்காது. முதலில் சஸ்டெய்னுக்கு உரிய கன்ட்ரோல் 64-ஐ பூஜ்யமாக்குங்கள், அல்லது ஒலியையே உடனே அடக்கும் கன்ட்ரோல் 120-ஐ நேரடியாக அனுப்புங்கள்.

கேள்வி: மாட்யூல் எதற்குமே அசையவில்லை. ஆர்கனின் மிடி அவுட் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்ப்யூட்டரும் யூஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸும் இருந்தால், மிடி மானிட்டர் மென்பொருளில் வரும் எண்களைப் பாருங்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ் போதும். முதல் சேனலில் நடு சி-யை அழுத்தினால் 144, 60, பிறகு வேகத்தைக் குறிக்கும் ஓர் எண் வரவேண்டும். விடும்போது 128, 60. அல்லது மறுபடி 144, 60, 0. வேகம் பூஜ்யமான ஆன் செய்தி ஆஃபுக்குச் சமம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கம்ப்யூட்டர் இல்லையென்றால் ஒரு சிவப்பு எல்இடி போதும். மிடி சாக்கெட்டின் ஐந்து துளைகளில் நடுவில் இருப்பது 2. அதன் இரு பக்கத்தில் இருப்பவை 4, 5. ஓரத்தில் உள்ள 1, 3 இரண்டும் காலி. எல்இடியின் நீளக் காலை 4-இலும் குட்டைக் காலை 5-இலும் வையுங்கள். எந்தப் பக்கம் 4 என்று தெரியாவிட்டால் திருப்பி வைத்துப் பாருங்கள், கெடுதல் இல்லை. சாக்கெட்டுக்குள் 220 ஓம் ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. ஒரு கட்டையை அழுத்தினால் வரும் மினுக்கு ஒரு மில்லிசெகண்ட்தான், கண்ணுக்குத் தப்பிவிடும். அறையை இருட்டாக்கி, விரலைக் கட்டைகள் மேல் வேகமாக இழுங்கள், அல்லது எக்ஸ்பிரஷன் பெடலை ஆட்டுங்கள். மினுங்கினால் ஆர்கன் பேசுகிறது. கோளாறு கேபிளில், அல்லது சேனல் அமைப்பில், அல்லது மாட்யூலில். ஆர்கனின் மெனுவில் மிடி அவுட்டையே அணைத்து வைத்திருந்தாலும் மினுங்காது, அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மாட்யூலை ஆர்கனின் ஆக்ஸ் இன்னில் செருகியதும் ‘ம்ம்’ என்று ஹம் வருகிறது.

மிடி கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். மிடி இன்னில் ஆப்டோகப்ளர் (செய்தியை ஒளியாகக் கடத்தும் பாகம்) இருப்பதால் இரண்டு சாதனங்களுக்கும் இடையே மின் இணைப்பு இல்லை. ஹம் ஆடியோ கேபிள் வழியாக வருகிறது. மாட்யூலில் யூஎஸ்பி கேபிளும் இருந்தால் அதுவும் வழிதான். ஆடியோவைப் பிடுங்கிப் பாருங்கள், பிறகு யூஎஸ்பியை. மாட்யூல், ஆர்கன் இரண்டுக்கும் கரண்ட்டை ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்தாலே பல நேரம் அடங்கும். அடங்காவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவே 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது அதே இடத்தில் டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியை வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச். பிளக்கின் எர்த் முனையை ஒடித்தோ டேப் ஒட்டியோ ஹம்மை நிறுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.

கேள்வி: பெரிய கார்டு, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாக, வாசித்தால் சில ஸ்வரங்கள் காணாமல் போகின்றன.

பாலிஃபனி, அதாவது மாட்யூல் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய அளவு, தீர்ந்துவிட்டது. மாட்யூலின் அட்டையில் போட்டிருக்கும் எண் ஸ்வரங்களின் எண்ணிக்கை அல்ல, உள்ளே ஓடும் ஒலி இழைகளின் எண்ணிக்கை. ஒரு ஒலிக்கு இரண்டு இழை, மூன்று பார்ட் ஒன்றன்மேல் ஒன்று, கையில் எட்டு ஸ்வரம் என்றால் 48 இழைகள். 1991-இல் வந்த ரோலண்ட் சவுண்ட் கேன்வாஸ் எஸ்சி-55-இல் மொத்தமே 24. மாட்யூலில் அடுக்குவதைக் குறையுங்கள். ஆக்டேவ் கப்ளர் செய்திகளும் மாட்யூலுக்குப் போகின்றன என்றால் அதை நிறுத்துங்கள். பெடலுக்கு ‘வாய்ஸ் ரிசர்வ்’ இருந்தால் இரண்டு இழை ஒதுக்கி வையுங்கள். அடிஸ்வரம் அறுந்தால்தான் காதில் முதலில் உறுத்தும்.

கேள்வி: குழாய் ஆர்கனோடு சேர்த்து வாசித்தால் மாட்யூல் சுருதி சேரவில்லை. ஒரு நாள் சரி, மறுநாள் இல்லை.

குழாயின் சுருதி வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஃப்ளூ குழாய்கள் (விசில் போல ஒலிப்பவை) ஏறக்குறைய 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும், மாட்யூல் அசையாது. 440 ஹெர்ட்ஸில் 3 சென்ட் என்பது முக்கால் ஹெர்ட்ஸ், இரண்டு ஒலியும் சேரும்போது நாலு செகண்டுக்கு மூன்று முறை ஏறி இறங்கும் அலை. ஐந்து டிகிரி வித்தியாசத்தில் செகண்டுக்கு நாலு அலை, அது சகிக்காது. வாசிக்கும் அன்று, அறை சூடோ குளிரோ நிலைத்த பிறகு, ஒரே ஒரு பிரின்சிபல் (ஆர்கனின் அடிப்படைக் குழாய் ஒலி) ஸ்டாப்பைத் திறந்து, மாட்யூலில் வைப்ராட்டோவும் கோரஸும் இல்லாத ஒலியை வைத்து, மாஸ்டர் டியூனிங்கை அலை நிற்கும்வரை நகர்த்துங்கள். 442 வேண்டும் என்றால் 440-க்கு மேல் 7.85 சென்ட்.

கேள்வி: என் புது ஆர்கனில் யூஎஸ்பி மட்டும்தான். மாட்யூலிலும் யூஎஸ்பி இருக்கிறது. நேரடியாக இணைக்கலாமா?

முடியாது. இரண்டுமே கம்ப்யூட்டரை எதிர்பார்க்கும் சாதனங்கள். நடுவில் யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் பெட்டி ஒன்று வேண்டும். 3.5 மில்லிமீட்டர் மிடி ஜாக் உள்ள சாதனம் என்றால் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு விதம் உண்டு. தவறான அடாப்டரில் 4-ஆம் 5-ஆம் முனைகள் இடம் மாறிவிடும். எதுவும் எரியாது, எதுவும் கேட்காது.

கேள்வி: செய்து வைத்த அமைப்பெல்லாம் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அழிந்துவிடுகிறது.

உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பழைய மாட்யூல்களில் அது சிஆர் 2032 போன்ற ஒரு மூன்று வோல்ட் காசு பேட்டரி. ஹோல்டரில் இருந்தால் மாற்றுவது சுலபம். தகடு வைத்துச் சால்டர் செய்திருந்தால் பேட்டரியின் மேலேயே சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள், வெடிக்கும். தகடு ஒட்டிய பேட்டரியாகவே வாங்குங்கள், அல்லது ஹோல்டர் ஒன்றைப் பொருத்துங்கள். வேலையைத் தொடங்கும் முன், மாட்யூல் ஆனில் இருக்கும்போதே பல்க் டம்ப் (எல்லா அமைப்புகளையும் மிடி வழியாக மொத்தமாக அனுப்புவது) எடுத்துக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். மலிவான யூஎஸ்பி மிடி கேபிள்கள் சில அந்த டம்ப் போகும் நீளமான சிஸ்எக்ஸ் செய்தியை நடுவில் துண்டித்துவிடும். சேமித்த கோப்பு 240-இல் தொடங்கி 247-இல் முடிகிறதா, இரண்டு முறை எடுத்தால் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திறங்கள்.