படியேறினால் வரும் ‘வாயு’

நீங்கள் கடிதத்தில் கேட்டிருக்கும் முடி உதிர்வது, கண்ணிமை துடிப்பது இரண்டையும் விட்டுத் தள்ளுங்கள் அம்மா. தூக்கம் சரியானால் துடிப்பு அடங்கும். முடிக்கு அவசரம் இல்லை. ஓசூரில் கம்பெனியை மூடியதால் எட்டு மாதமாக வீட்டில் இருக்கும் உங்கள் 48 வயதுக் கணவருக்கு, மாடிப்படி ஏறினால் நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் அடைக்கிறது, ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் விடுகிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, பயப்பட வேண்டியது அதற்குத்தான். அவரோ மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறார்!

வாயு படிக்கட்டைப் பார்த்து வராது. நடந்தால் வந்து, நின்றால் போகும் அடைப்பை, இதய ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கே காட்டுங்கள். ஈசிஜி சரியாக இருக்கிறது என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். படுத்திருக்கும்போது இதயத்துக்குக் குறைந்த ரத்தமே போதும் என்பதால் அதில் கோளாறு தெரியாமல் போகலாம். படியேறும்போது வருவதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். எக்கோ (இதய ஸ்கேன்), ட்ரெட்மில் (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி) தேவையா என்று அவர் பார்ப்பார்.

அடைப்பு 15 நிமிடம் தாண்டினாலோ, சும்மா இருக்கும்போதே வியர்வையோடு வந்தாலோ டூவீலரில் ஏற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. அதில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளும் இருப்பதால், உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் உயிருக்கே ஆபத்து.

வேலை போனால் ஆயுசும் போகும், சோவியத் யூனியன் உடைந்தபோது ரஷ்யாவில் அப்படித்தான் நடந்தது என்ற வீடியோ உங்களைக் கலங்கடித்திருக்கிறது. அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 1990-ல் ஏறக்குறைய 64. 1994-ல் 58-க்கும் கீழே. உண்மைதான். ஆனால் அதே காலத்தில் பொருளாதாரமே தலைகீழான செக் நாட்டில் ஆயுள் கூடியது. ரஷ்யாவில் அதிகம் இறந்தது நடுவயது ஆண்கள்: இதயநோய், மொடாக்குடி, விபத்து, தற்கொலை. இவற்றில் எதையும் தலையெழுத்து என்று விட முடியாது.

காசில்லை என்று அவர் நிறுத்திய பிபி மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறது. 2021-ல் அந்தத் திட்டம் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வாரம் ஒன்றாக இருந்த குவார்ட்டர் இப்போது தினமும் என்கிறீர்கள். அதைச் சத்தம் போட்டு ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு வரலாம். டாக்டரிடம் அளவைச் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும்.

போகும்போது பழைய பிபி மாத்திரை அட்டையோடு கேஸ் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.